அரசியின் அறைக்குத் தனி லைன்

ஏப்ரல் 9, புதன்

ஏசி வந்துவிட்டது. ஒன்றரை டன். கூடத்தில் அட்டைப்பெட்டியோடு நிற்கிறது. என் மனைவி பாக்கியம் அதற்குள் அதன்மேல் துணி மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

வாங்கியதற்குக் காரணம் சம்பந்தியம்மா. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விருத்தாசலத்து அக்னி நட்சத்திரத்தில், வெறும் மின்விசிறி ஓடும் அறையில் பச்சைப்பிள்ளை எப்படி இருக்கும் என்று போனில் கேட்டார். வசதிப்படாது என்றால் சென்னையிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவர் கையிலிருந்து அரசி போனை வாங்கி, "ஏசி போட்டுடுங்கப்பா" என்றாள். இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லாத பெண். அன்று மாலையே கடைக்குப் போனேன்.

வீட்டு ஒயரிங் நாங்கள் குடிவந்தபோது போட்டது. இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். அப்படியே ஏசியைச் செருக முடியாது.

ஏப்ரல் 11, வெள்ளி

எலக்ட்ரீஷியன் ரஃபீக் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் உட்கார்ந்து கேள்வி கேட்டார். அந்த அறையில் என்னென்ன ஓடும், எப்போது ஓடும், எவையெவை சேர்ந்து ஓடும்.

அறையோடு ஒட்டிய குளியலறையில் கீசரும் மாட்ட வேண்டும் என்றேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் நிற்கக் கூடாது என்பது பாக்கியத்தின் சட்டம். கூட்டிப் பார்த்தோம். ஏசிக்கு எட்டு ஆம்பியர், கீசருக்கு ஒன்பது, விசிறி விளக்கு சில்லறை எல்லாம் சேர்த்து இரண்டு. பத்தொன்பது. இருபது ஆம்பியர் எம்சிபி ஒன்றும் நாலு ஸ்கொயர் தடிமன் ஒயரும் போட்டால் கணக்கு சரியாக நிற்கிறது. எம்சிபி என்பது ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாக வந்த விசை. கரண்ட் மிஞ்சினால் தானாகக் கீழே விழுந்து லைனைத் துண்டிக்கும்.

ரஃபீக்குக்குத் திருப்தி இல்லை. ஏசி மோட்டார் சரக்கு, கீசர் சூடு சரக்கு, இரண்டையும் ஒரே லைனில் கட்டாதீர்கள், இரண்டு லைன் இழுப்போம் என்றார். எம்சிபி இருக்கும் பெட்டி வெயிலில் காய்ந்தால் இருபது என்று எழுதியிருப்பது பதினெட்டிலேயே விழும் என்றும் சொன்னார். இரண்டு லைன் என்றால் கூடத்துச் சுவரையும் உடைக்க வேண்டும். அரசி வருகிறாள் என்று இப்போதுதான் வெள்ளையடித்திருக்கிறது. கீசர் விடியற்காலை, ஏசி மதியமும் இரவும், இரண்டும் சேர்ந்து ஓடாது பாய் என்றேன்.

எத்தனை மாதத்துக்கு என்று கேட்டார். ஆவணி பிறந்ததும் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றேன். அப்படியென்றால் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்.

போகும்போது ஒன்று சொன்னார். "எம்சிபி ஏசியைக் காப்பாத்துறதுக்கு இல்ல சார். சுவத்துக்குள்ள இருக்கிற ஒயரைக் காப்பாத்துறதுக்கு. ஒயரு தாங்குறதைவிட அது சின்னதா இருக்கணும். மாத்திப் போட்டா மணி அடிக்க ஆள் இல்லாத ரயில் கேட்டு மாதிரி."

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எழுத்தராக வேலை பார்த்தவனிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. வேகனில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் ஏற்றினால் நசுங்குவது மூட்டை இல்லை, அச்சு.

ஏப்ரல் 15, செவ்வாய்

வேலை முடிந்தது. பெட்டியிலிருந்து அறை வரை நாலு ஸ்கொயர். அறைக்குள் பிளக்குக்கும் அங்கிருந்து கீசருக்கும் அதைவிட மெல்லிய ரெண்டரை ஸ்கொயர். அறை சில்லென்று ஆனது. பாக்கியம் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, முட்டி வலிக்கிறது என்று வெளியே வந்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சென்னையில் வளைகாப்பு. மாலையே அரசியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பெட்டிகள் அதிகம். பெரியவை மூன்று, ஒரு அட்டைப்பெட்டி. கம்பளிச் சால்வைகூட இருந்தது. சித்திரையில் சால்வை. படிப்புச் சான்றிதழ்கள் இருக்கும் நீலக் கோப்பை பீரோவில் வைக்கச் சொன்னாள். பிரசவத்துக்கு வருகிறவளுக்கு இது எதற்கடி என்று பாக்கியம் கேட்டாள். அந்த வீட்டில் ஈரம் ஏறுகிறது என்றாள். அவர்கள் இருப்பது ஐந்தாவது மாடி.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். அரசி அறையைவிட்டு வெளியே வருவதில்லை. மாப்பிள்ளை பிரதாப் போன் செய்தால் எனக்குத்தான் செய்கிறார். அவள் தூங்குகிறாள் என்கிறேன். பெரும்பாலும் தூங்கத்தான் செய்கிறாள்.

மே 11, ஞாயிறு

பெண் குழந்தை. சுகப்பிரசவம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வேறு எழுதத் தோன்றவில்லை.

மே 19, திங்கள்

எம்சிபி மூன்றாம் முறையாக விழுந்தது. இரண்டும் சேர்ந்து ஓடாது என்று நான் சொன்ன கணக்கு, இரண்டு கிழவர்கள் வாழும் வீட்டின் கணக்கு. பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில் காலை, மாலை என்று எதுவும் கிடையாது. நண்பகலில் குப்பம்மா குளிப்பாட்ட வருகிறாள். கீசர் ஓடுகிறது. அடுத்த கால்மணியில் குழந்தை ஏசியில் கிடக்க வேண்டும். நடுவில் சாம்பிராணி போட வேண்டும் என்று பாக்கியம் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறக்கிறாள். அறை காய்ந்துவிடுகிறது. மறுபடி ஏசியைப் போட்டால் அது மூச்சுப் பிடித்து ஓடுகிறது. அப்போது பார்த்துத் துணி இஸ்திரி. விழாமல் என்ன செய்யும்.

விளக்கும் விசிறியும் அதே லைனில் இருப்பதால் எல்லாம் சேர்ந்து நின்றுபோகின்றன. குழந்தை வீறிடுகிறது.

ரஃபீக் போனில், விழுவது கோளாறு இல்லை, அது தன் வேலையைச் செய்கிறது என்றார். ஒன்று ஓடும்போது ஒன்றை நிறுத்தச் சொன்னார்.

மே 22, வியாழன்

புது ஏற்பாடு. கீசர் போடுகிறவர் என்னைக் கேட்டுத்தான் போட வேண்டும். நான் போய் ஏசியை நிறுத்திவிட்டு 'லைன் கிளியர்' என்று குரல் கொடுப்பேன். குப்பம்மாவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஸ்டேஷன் மாஸ்டரே, எக்ஸ்பிரஸ் வந்துடுச்சு" என்கிறாள். அரசி சிரித்தாள். ஊருக்கு வந்தபிறகு அவள் சிரித்துக் கேட்டது இதுதான் முதல்.

மே 25, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். அவர் இருந்த பொழுதில் இரண்டு முறை விழுந்தது. "முப்பத்திரண்டு போட்டுடுங்க மாமா, அப்புறம் விழவே விழாது" என்றார். அதற்கு ஒயரையும் மாற்ற வேண்டும், சுவருக்குள் ரெண்டரை ஸ்கொயர் இருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பெயர் சூட்டும் விழா. நிவிஷா. அரசி வேறொரு பெயர் நினைத்திருந்தாள் போல. பிரதாப் வீட்டார் பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதால் பேச்சு எழவில்லை.

அறை நிறைய உறவு. ஏசி, கீசர், பால் காய்ச்ச பிளக்கில் மின்அடுப்பு வேறு. மனம் பதைத்துக்கொண்டே இருந்தது. ஒரு முறைகூட விழவில்லை. சம்பந்தியம்மாவே, பரவாயில்லை, அறை வசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 10, செவ்வாய்

விழவில்லை. லைன் கிளியர் சொல்வதை விட்டுவிட்டேன். மின்அடுப்பு அறையிலேயே இருக்கட்டும், சௌகரியமாக இருக்கிறது என்று பாக்கியம் வைத்துக்கொண்டாள். வீடு ஒருவழியாகப் பழகிவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

இன்று ஒரு சண்டை. அரசியின் அறையில் இரண்டு நாளாகக் கருவாட்டு வாடை. நாங்கள் சைவம். பாக்கியத்துக்கு அந்த வாடை ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டுச் சரோஜாவின் அடுக்களை அந்த ஜன்னலுக்கு நேர் எதிரில் இருக்கிறது. பாக்கியம் ஜன்னலை அறைந்து சாத்தினாள். சாம்பிராணியை இரட்டிப்பாக்கினாள். கடைசியில் மதிலருகே போய், பிள்ளை பெற்றவள் இருக்கும் இடத்தில் இப்படிப் பொரிக்கலாமா என்று கேட்டுவிட்டாள்.

சரோஜா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "யக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழம. எங்க வீட்டுல கவுச்சியே கிடையாது. உங்க வீட்டுல யாராச்சும் ஒளிஞ்சிருந்து திங்கிறாங்களா, மொதல்ல அதைப் பாரு" என்றாள். பாக்கியம் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

காலையில் தொட்டிலை நகர்த்தும்போது என் முழங்கை சுவரில் பட்டது. சுவர் சுட்டது.

மெயினை நிறுத்தினேன். குழந்தையையும் அரசியையும் கூடத்துக்கு வரச் சொன்னேன். ரஃபீக் அரைமணியில் வந்தார். பிளக்கைக் கழற்றியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே ஒயரின் மேல்தோல் பழுப்பேறி, ஓரிடத்தில் உருகிப் பலகையோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக்கும் பலகையும் காய்ந்தால் மீன் வாடை வரும் என்றார். எரிய ஆரம்பிப்பதற்கு முந்தைய வாடை. தொட்டிலின் தலைமாடு அந்தச் சுவரோடு ஒட்டித்தான் இருந்தது.

பிறகு பெட்டியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்டது இருபது. இது முப்பத்திரண்டு. யார் சார் மாத்துனது?"

எனக்குத் தெரியவில்லை. பாக்கியத்துக்கும் தெரியவில்லை. அரசி கூடத்திலிருந்தே சொன்னாள். பெயர் சூட்டும் விழா அன்று காலை, நான் மண்டபத்துக்காரரிடம் நாற்காலி எடுக்கப் போயிருந்தபோது, பிரதாப் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஒரு ஆளை அழைத்து வந்து ஏதோ செய்தார். என்னவென்று அவளிடமும் சொல்லவில்லை.

அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் கீசரும் ஒரே ரெண்டரை ஸ்கொயரில் இழுத்திருக்கின்றன. இருபது இருந்திருந்தால் முதல் நாளே விழுந்திருக்கும். கீசரை அந்தப் பிளக்கிலிருந்து இழுத்தது தன் தப்பும்தான் என்று ரஃபீக் சொன்னார். விழுந்துகொண்டிருந்தவரை பயமில்லை, விழாமல் இருந்த இந்த ஆறு நாள்தான் பயம் என்றும் சொன்னார்.

அந்த ஆறு நாளும் நான் நிம்மதியாக இருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அறைக்கு இன்னும் கரண்ட் இல்லை. அரசி கூடத்தில் விசிறிக்குக் கீழே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அவர் அப்படித்தாம்பா. சொல்லாமலே சரி பண்ணிடுவார்."

பிறகு, குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே, ஏதோ கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஜனவரியில் ஸ்கேனுக்கு அவள் உள்ளே போயிருந்தபோது பிரதாப் அவளுடைய லேப்டாப்பிலிருந்து அவள் ஆபீசுக்கு ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டார். அவளுக்குத் தெரிந்தது, வாழ்த்துச் சொல்லிப் பதில் வந்தபோது. உனக்கு ஓய்வு வேண்டும் என்றுதானே செய்தேன் என்றாராம். குரல் உயர்த்தவே இல்லையாம்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போன் ஸ்பீக்கர்லதானேப்பா இருக்கும்."

ஞாயிறுதோறும் பேசினோம். நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டேன்பா, வெயில்தான்பா. நானும் வெயிலைப் பற்றித்தான் பேசினேன்.

பாக்கியம் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லா வீட்டிலும் ஆண்கள் இப்படி ஏதாவது செய்யத்தான் செய்வார்கள், அதற்காகப் பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா, ஆவணியில் போய்த்தான் ஆக வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னாள். நான் எழுந்து போய் அறைக்குப் போகும் லைன் இன்னும் நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். நிறுத்தித்தான் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கூடத்துச் சுவரை உடைக்கச் சொல்லிவிட்டேன்.

ரஃபீக் முதலிலிருந்து கணக்குப் போட்டார். ஏசிக்குத் தனியாக நாலு ஸ்கொயர், தனி இருபது. மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி மூன்று நான்கு மடங்கு இழுக்கும், அந்த உதறலுக்கு விழாத வகை வேண்டும். கீசருக்குத் தனி லைன், ஈரக் கையோடு தொடும் இடம் என்பதால் கரண்ட் கசிவு தெரிந்தால் துண்டிக்கும் விசை ஒன்று கூடுதல். பிளக்குகளுக்குத் தனியாகப் பதினாறு. விளக்கும் விசிறியும் எதனோடும் சேராமல். எது விழுந்தாலும் குழந்தைக்கு இருட்டு வராது.

அரசி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஒரு மேசை போட்டால் அங்கே பிளக் கிடைக்குமா என்று கேட்டாள். என்ன ஓடும் என்றார் ரஃபீக். லேப்டாப்பும் நெட்டும் என்றாள். அது ஒரு ஆம்பியர்கூட வராது, எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார்.

"காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும். தினமும். நடுவுல அணையக் கூடாது."

ரஃபீக் என்னைப் பார்த்தார். இன்வெர்ட்டர் ஒன்று வைத்து அதிலிருந்து கொடுத்துவிடுங்கள் என்றேன். ஏசியும் அப்படியானால் பகலெல்லாம் ஓடுமே என்றார். ஓடட்டும், அதற்குத் தக்கபடி போடுங்கள் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மின்வாரிய அலுவலகத்தில் வீட்டுக்கு லோடு உயர்த்த எழுதிக் கொடுத்தேன். கூட்டமில்லை.

ஜூன் 23, திங்கள்

மாப்பிள்ளை போனில் பேசினார். முப்பத்திரண்டு பற்றிச் சொன்னேன். சுவர் சுட்டது, தொட்டில் இருந்த இடம், எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்ணும் ஆகலையே மாமா, விடுங்க" என்றார்.

ஜூலை 21, திங்கள்

அரசிக்கு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். இன்று முதல் நாள். ஒன்பது மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை பாலுக்கு அழும்போது பாக்கியம் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறாள். முணுமுணுத்துக்கொண்டேதான் தட்டுகிறாள். நிவிஷா என்று அவள் கூப்பிடுவதில்லை, அம்முக்குட்டிதான்.

ஆடி மாதம் என்பதால் அந்தப் பக்கமிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலையிலேயே சம்பந்தியம்மா பேசினார். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, தானும் பிரதாப்பும் காரில் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போகிறோம் என்றார். வாருங்கள் என்றேன். வேறென்ன சொல்ல.

பாக்கியம் கடைக்குப் போய் வெள்ளி அரைஞாணும் பால்கிண்ணமும் வாங்கி வந்தாள். மரத்தொட்டிலுக்கு எண்ணெய் தடவித் துடைத்தாள். அரசி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

மதியம் பாக்கியம் அரசியின் கதவுக்கு வெளியே குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தட்டவும் இல்லை, திரும்பவும் இல்லை. உள்ளே அரசி யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் சிரித்தாள், பிறகு மறுபடி விளக்கினாள். பாதி இங்கிலீஷ்.

யாரோடு பேசுகிறாள் என்று என்னிடம் வந்து கேட்டாள். அவளுக்குக் கீழே நாலு பேராம், வேலை சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன்.

"பள்ளிக்கூடத்துல பேசுன மாதிரியே பேசுறா" என்றாள். குழந்தையைத் தொட்டிலில் போட மறந்து வெகுநேரம் தோளிலேயே வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பத்தே காலுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா பட்டுப்புடவை. பிரதாப் வாசலில் என் கையைப் பிடித்து, சௌக்கியமா மாமா என்றார். அரசி மீட்டிங்கில் இருந்தாள். பன்னிரண்டு வரைக்கும் வேலை இருக்கிறது, உட்காருங்கள் என்றேன். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடுமே என்றார் சம்பந்தியம்மா. பாக்கியம் காபி கொண்டுவந்தாள். குழந்தையைப் பிரதாப்பிடம் கொடுத்தாள். அவர் கொஞ்சினார். கொஞ்சத் தெரிந்தவர்தான்.

பேச எதுவும் இல்லாமல் அவர் எழுந்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வரிசையாக எம்சிபிகள்.

"ஒரு ரூமுக்கு இத்தனை எதுக்கு மாமா?"

எது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவசரப்படாமல் சொன்னேன். கடைசியில் இருக்கும் சிறியதைக் காட்டி, இது அரசியின் மேசைக்கு என்றேன். அவர் பெட்டியை மூடினார்.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அரசி வந்து எதிரில் உட்கார்ந்தாள். கிளம்பத் தயாராகவில்லையே என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"நான் வரலைங்கத்தை" என்றாள். பிறகு பிரதாப்பைப் பார்த்து, "குழந்தையைப் பார்க்க எப்ப வேணாலும் வாங்க. சொல்லிட்டு வாங்க."

அவள் குரலும் உயரவில்லை. பிரதாப், உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவள் ராஜினாமாவைப் பற்றிச் சொன்னாள். அதைத்தான் அப்போதே பேசி முடித்தோமே என்றார். நீங்க பேசினீங்க, நான் முடிக்கலை என்றாள்.

சம்பந்தியம்மா என்னிடம் கேட்கவில்லை. பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "பெத்தவ நீங்க சொல்லுங்க சம்பந்தி. நாலு பேரு கேட்டா என்ன சொல்றது? நீங்களே அனுப்பி வைங்க."

இந்த இரண்டு மாதமும் பாக்கியம் சொல்லிவந்ததும் அதைத்தான். நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். இலை போட்டிருக்கிறேன், சாப்பிட வாருங்கள் என்றாள். யாரும் எழவில்லை. அப்படியானால் சரி என்று அடுக்களைக்குள் போனாள்.

அவர்கள் கிளம்பும்போது வழிக்குக் கட்டிய புளிசாதத்தைக் கொண்டுவந்து சம்பந்தியம்மா கையில் கொடுத்தாள். இலைப்பொட்டலம், நூல் சுற்றி, மோர்மிளகாயோடு. அவரும் வாங்கிக்கொண்டார். கார் திரும்பித் தெருமுனை போகும்வரை நின்றோம். அரசி ஒரு மணிக்கு அடுத்த மீட்டிங் என்று உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போனேன். மிச்சப் புளிசாதம் பாத்திரத்தில் அப்படியே இருந்தது. அது விடிவதற்கு முன் கிளறியது. கிளறியதும் ஆறவைத்துப் பொட்டலம் கட்டி மேடையில் வைத்துவிட்டுத்தான் பாக்கியம் குளிக்கப் போனாள், நான் பார்த்தேன். அரசி அப்போது எழுந்திருக்கவே இல்லை. யாரும் யாரிடமும் எதுவும் பேசியிருக்கவில்லை.

காரில் மூன்று பேர் போவதாக இருந்தது. பொட்டலம் இரண்டுதான் கட்டியிருந்தாள்.